மிச்சம் எங்கே?

கொலாஜ் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். ஒரு கொலாஜ் செய்து, அதற்காக வெட்கப்பட்டவன் நான். அதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். ஐந்து இதழ்கள் வந்தன. முன்னூறு பிரதிகள் அச்சிட்டு, அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தோம். அட்டை தயாரிப்பது என் பொறுப்பு. கோடு இழுக்கத் தெரியாதவனுக்குக் கொலாஜ் ஒரு வரப்பிரசாதம் என்று அப்போது நினைத்திருந்தேன். கத்தரிக்கோலும் கோந்தும் போதும். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும் காகிதத்தில் இல்லாத உலகம் கிடையாது: ஜாதகக் குறிப்பு, பத்திர நகல், மருந்துச் சீட்டு, பரீட்சை விடைத்தாள், கல்யாணப் பத்திரிகை. நான்காவது இதழுக்காகத் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்டூடியோ போட்டோ அகப்பட்டது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம். சட்டமும் கண்ணாடியும் தனியாக விலைபோயிருக்க வேண்டும். படம் மட்டும் காகிதத்தோடு காகிதமாக வந்திருந்தது. இடது ஓரத்தில் நின்ற பெண்ணின் முகத்தையும், நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்த அவள் கையையும் வெட்டி எடுத்தேன். முகத்தை ஒரு பஞ்சாங்கத் தாளின் மேலும், கையை வரிசையாக ஒட்டிய பஸ் டிக்கெட்டுகளின் மேலும் வைத்தேன். நண்பர்கள் பார்த்துவிட்டு 'சர்ரியலிஸம்' என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. கையில் இருந்த காசையெல்லாம் போட்டு ஹாஃப்டோன் ப்ளாக் செய்தோம்.

அட்டை அச்சான அன்று, அச்சகத்தில் பைண்டிங் செய்யும் பெரியவர் ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இது எங்க அக்கா சார்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பாகம் பிரித்து வீட்டை விற்றபோது சாமான்கள் எங்கெங்கோ போய்விட்டன என்றார். பிறகு கேட்டார்: "மிச்சம் எங்க சார்?"

மிச்சம் குப்பைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த மிச்சத்தில் அவரும் இருந்திருக்கிறார், தகப்பனார் மடியில் ஐந்து வயதுப் பையனாக. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மை சரியாகப் பதியாத தாள் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற தாள்களை மடிக்கப் போய்விட்டார்.

கண்டெடுத்த பொருட்களால் செய்யப்பட்ட கலை என்று எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்விதான். அதை உணர்ச்சிவசப்பட்ட ஒரு ஞாபகமாக விட்டுவிடாமல், விமர்சன அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

2

தமிழில் 'பொருள்' என்ற சொல் வஸ்துவையும் குறிக்கிறது, அர்த்தத்தையும் குறிக்கிறது, செல்வத்தையும் குறிக்கிறது. கொலாஜின் பிரச்னை முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு வஸ்து தன் பழைய அர்த்தத்தோடு வருகிறது. கலைஞன் அதற்கு ஒரு புது அர்த்தம் தருகிறான். சந்தை அதைச் செல்வமாக மாற்றுகிறது. இதில் எந்தக் கட்டத்தில் எது அழிகிறது என்று பார்ப்பதுதான் விமர்சகனின் வேலை.

1912 மே மாதம் பிக்காஸோ ஒரு நீள்வட்டக் கான்வாஸில் நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஒட்டி, சுற்றிலும் ஒரு கயிற்றைச் சட்டமாக வைத்தார். ஓவியத்துக்குள் முதன்முதலாக நிஜம் நுழைந்த கணம் என்று கலை வரலாறுகள் இதைக் கொண்டாடுகின்றன. இது பாதி உண்மை. நுழைந்தது பிரம்பு இல்லை. பிரம்பு போலத் தோன்றும்படி இயந்திரம் அச்சடித்த மலிவான துணி. பிரம்பு நாற்காலி வாங்க முடியாதவர்கள் மேஜைமேல் விரிப்பது. அதே வருஷம் செப்டம்பரில் ப்ராக் தன் படத்தில் ஒட்டியதும் மரம் அல்ல. மரத்தின் ரேகைகள் அச்சிட்ட சுவர்க் காகிதம், அவின்யோனில் ஒரு கடையில் வாங்கியது. ஆக, கொலாஜ் வழியாகக் கலைக்குள் வந்தது மாசற்ற 'யதார்த்தம்' அல்ல, கடைச்சரக்கு. ஏற்கனவே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்த சரக்கு. அந்தப் படத்தில் போலித்தனம் இல்லாதது கயிறு ஒன்றுதான். அது வெளியே, ஓரத்தில் நிற்கிறது. இந்தக் கிண்டலை விட்டுவிட்டு 'நிஜத்தின் வருகை' என்று பேசுகிறவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பிக்காஸோ பத்திரிகைத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார். பால்கன் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு படத்தில் கிதாரின் வடிவம், சங்கீதத் தாள், கண்ணாடித் தம்ளர். கீழே பாரிஸ் தினசரி ஒன்றின் தலைப்பு, போர் மூண்டுவிட்டது என்று அறிவிக்கிறது. பின்னால் வந்த அமெரிக்க விமர்சகர்களிடையே இதுபற்றி ஒரு சண்டையே நடந்தது. பாட்ரிஷியா லைட்டன் செய்திகளைப் படித்துப் பார்த்து, இவை யுத்த எதிர்ப்பு என்றார். ரோஸலிண்ட் க்ராஸ் அவற்றைக் குறிகளின் விளையாட்டாகப் பார்த்தார். பத்திரிகைத் துண்டு ஒரு படத்தில் நிழலாகவும் இன்னொன்றில் வெளிச்சமாகவும் நிற்க வல்லது, அதுவே அதன் சாமர்த்தியம் என்பது அவர் கட்சி. இரு தரப்பும் கத்தரிக்கோலை மறந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வரி பாதியில் அறுபடுகிறது. படிக்கத் தொடங்கியவன் விளிம்பில் வந்து முட்டிக்கொள்கிறான். செய்தி முழுதாகவும் இல்லை, வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டாகவும் ஆகிவிடவில்லை. எங்கோ ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஓட்டல் மேஜையில் ஒரு தம்ளர் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் நிறுத்துவது அந்த வெட்டு. கேள்வி வெட்டின் விளிம்பில்தான் இருக்கிறது: மிச்சம் எங்கே?

3

இந்தக் கேள்வியை வாழ்க்கையாகவே வாழ்ந்தவர் குர்த் ஷ்விட்டர்ஸ். 1887இல் ஹானோவரில் பிறந்தவர். முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு, தெருவில் கிடப்பவற்றைப் பொறுக்கிப் படம் செய்யத் தொடங்கினார்: டிராம் டிக்கெட், தபால் உறை, கம்பித் துண்டு, பொத்தான், சாக்லெட் தாள். 1919இல் செய்த ஒரு படத்தில் வங்கி விளம்பரம் ஒன்றை வெட்டி ஒட்டினார். 'கொம்மெர்ட்ஸ்' என்ற சொல்லில் முன்பாதி கத்தரிப்பில் போய், 'மெர்ட்ஸ்' மட்டும் நின்றது. அர்த்தமற்ற அந்தத் துண்டையே தன் கலை முழுவதற்கும் பெயராக வைத்துக்கொண்டார். வணிகம் என்ற சொல்லிலிருந்து பாதியை அறுத்து எடுத்த பெயர். தமிழில் ஒரு ஓவியன் 'வியாபாரம்' என்ற பலகையில் முன்னெழுத்துகளைக் கத்தரித்துவிட்டுத் தன் இயக்கத்துக்குப் 'பாரம்' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

எல்லாம் உடைந்து கிடந்தது, உடைந்த துண்டுகளிலிருந்தே புதியதைக் கட்ட வேண்டியிருந்தது என்பது அவர் தன் காலம் பற்றிச் சொன்னதின் சாரம். பணம் மதிப்பிழந்து, முடியாட்சி சரிந்து, ஊனமுற்ற சிப்பாய்கள் தெருவில் திரிந்த ஜெர்மனியில் இது அலங்கார வார்த்தை அல்ல. ஆனால் ஷ்விட்டர்ஸ் அழுவதில்லை. அவருடைய சிறந்த படங்களில் டிக்கெட் டிக்கெட்டாகவே இருக்கிறது. அதன் எண் தெரிகிறது. யாரோ துளையிட்டது தெரிகிறது. அதேசமயம் பக்கத்து நீலத்துக்கு அந்தப் பழுப்பு தேவையாயிருக்கிறது. பரிதாபத்தைக் கேட்காமல், தன் பழைய வேலையையும் மறக்காமல், புது இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சமநிலை எளிதில் வருவதில்லை.

ஹானோவரில் தம் வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுமானத்தை வருஷக்கணக்காக வளர்த்தார். மெர்ட்ஸ்பாவ் என்று பெயர். அதன் குகை போன்ற மாடங்களில் நண்பர்களின் பொருட்களை வைத்து மூடினார். தன் தலைமுடியில் ஒரு கொத்தும், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் மேஜையிலிருந்து ஒரு பென்ஸிலும் அதற்குள் போனதாக ஹான்ஸ் ரிக்டர் எழுதியிருக்கிறார். நாஜிகள் அவர் படங்களைப் பறிமுதல் செய்தார்கள். 'மெர்ட்ஸ்' என்ற துண்டு ஒட்டப்பட்ட அந்த முதல் படத்தை 1937இல் ம்யூனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் கேலிக்காகத் தொங்கவிட்டார்கள். அதன்பின் அது கிடைக்கவில்லை. அதே வருஷம் ஜனவரியில் அவர் நார்வேக்குப் போயிருந்தார். 1940இல் அங்கிருந்தும் ஓடி பிரிட்டனுக்குப் போனார். 'எதிரி நாட்டவன்' என்று ஐல் ஆஃப் மேன் தீவின் முகாமில் அடைத்தார்கள். அங்கே தரையிலிருந்து பெயர்த்த லினோலியத்தில் படம் வரைந்தார். காலைக் கஞ்சியில் சிற்பம் செய்தார், அது பூஞ்சை பிடித்தது. 1943 அக்டோபரில் குண்டு விழுந்து ஹானோவர் வீடு அழிந்தது.

இப்போது ஹானோவர் அருங்காட்சியகத்தில் மெர்ட்ஸ்பாவின் ஓர் அறை இருக்கிறது. 1933இல் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து 1980களின் தொடக்கத்தில் திரும்பக் கட்டியது. வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருக்கும் அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அச்சகத்துப் பெரியவர் ஞாபகம் வருகிறது. வடிவம் திரும்பிவிட்டது. பென்ஸிலும் தலைமுடியும் திரும்பவில்லை. மாடங்களுக்குள் இருந்ததெல்லாம் போய், புகைப்படக் கருவிக்குத் தெரிந்த மேல்தோல் மட்டும் நிற்கிறது. இதைக் கட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. கண்டெடுத்த பொருளால் ஆன கலையை மறுபடி செய்ய முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. வண்ணத்தை மறுபடி வாங்கலாம். உபயோகத்தை வாங்க முடியாது.

ஷ்விட்டர்ஸ் கடைசியில் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில், எல்டர்வாட்டர் என்ற இடத்தில் ஒரு கல் கொட்டகையில் மறுபடி தொடங்கினார். 1947. ஒரு சுவர் மட்டும் ஓரளவு முடிந்திருந்தது. 1948 ஜனவரியில் இறந்துபோனார். அந்தச் சுவரை 1965இல் பெயர்த்து நியூகாஸிலுக்குக் கொண்டுபோனார்கள். பொறுக்கியவனின் கடைசி வேலையே இப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்ட பொருளாகிவிட்டது.

4

மூன்றாவது அர்த்தத்துக்கு, செல்வத்துக்கு, வருகிறேன். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த வகைக் கலைக்கென்று பெரிய கண்காட்சி நடத்தி 'அஸம்ப்ளேஜ்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ராபர்ட் ரோஷன்பர்க் 'கான்யன்' என்ற படைப்பைச் செய்திருந்தார். கான்வாஸில் வண்ணம், காகிதம், கைதூக்கி நிற்கும் அவர் மகனின் புகைப்படம். அதிலிருந்து சிறகு விரித்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாடம் செய்யப்பட்ட கழுகு. கீழே கயிற்றில் தொங்கும் தலையணை. கழுகு, ஒரு தோழி குப்பையிலிருந்து எடுத்துத் தந்தது.

அது அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்தலைக் கழுகு. 1940இல் வந்த சட்டத்தின்படி அதை வாங்கவோ விற்கவோ கூடாது. அந்தச் சட்டத்துக்கு முன்பே செத்துப் பாடம் செய்யப்பட்ட பறவை இது என்று ரோஷன்பர்க் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்த பிறகே, படம் யாரிடம் இருந்ததோ அவரிடம் தொடர்ந்து இருக்க முடிந்தது. உரிமையாளரான இலியானா ஸோனபெண்ட் 2007இல் இறந்ததும் வாரிசுகள் வரிக்கணக்குக் காட்டினார்கள். விற்கவே முடியாத பண்டத்துக்கு விலை என்ன? பூஜ்யம் என்றார்கள் அவர்களுடைய மதிப்பீட்டாளர்கள். 6.5 கோடி டாலர் என்றது அரசாங்கத்தின் வரித்துறை. அதற்கு ஏறத்தாழ 2.9 கோடி டாலர் வரி கட்டச் சொன்னது. 2012இல் சமரசம் ஏற்பட்டு, படம் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் தானமாகப் போயிற்று.

இதை வேடிக்கைக் கதையாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இது அந்தப் படைப்பின் மேல் எழுதப்பட்ட மிகச் சிறந்த விமர்சனமாகத் தோன்றுகிறது. எழுதியது கோர்ட்டும் வரித்துறையும் என்பதுதான் விசேஷம். கலையாக ஆகிவிட்ட பிறகும் கழுகு கழுகாகவே இருந்தது என்று சட்டம் பிடிவாதம் பிடித்தது. அருங்காட்சியகமும் ஏலக் கம்பெனியும் மறக்கத் தயாராக இருந்த மிச்சத்தை, அதாவது சுடப்பட்ட ஒரு பறவையை, காட்டு விலங்கு இலாகா ஞாபகம் வைத்திருந்தது. பூஜ்யத்துக்கும் 6.5 கோடிக்கும் நடுவில் ஒரு பொருள் நிற்க முடிகிறது என்பது கலையின் பலமா, சந்தையின் பைத்தியமா? இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும்.

5

இந்த இடத்தில் நம் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். இதெல்லாம் நம்மிடம் இல்லாததா, கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிழிந்த பேன்ட் சட்டைக்குள் வைக்கோல் திணித்து, பானையில் முகம் எழுதித் தொங்கவிடும் திருஷ்டி பொம்மை அஸம்ப்ளேஜ் இல்லையா என்பார்கள். இல்லை. அதன் வேலை திருஷ்டியைத் தடுப்பது. அந்தச் சட்டை யாருடையது என்ற கேள்வி அதில் எழுவதில்லை, எழவும் வேண்டியதில்லை. உபயோகத்திலிருந்து இன்னொரு உபயோகத்துக்கு நேராகப் போகிறது. கொலாஜில் உபயோகம் நின்றுபோகிறது. நின்றுபோன இடத்தில்தான் பார்வை தொடங்குகிறது. எல்லாம் ஏற்கனவே நம்மிடம் இருந்தது என்பது பெருமை இல்லை. யோசிப்பதற்குச் சோம்பல்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சோம்பலும் உண்டு. 2019 பிப்ரவரியில் டில்லியில் ஒரு பூங்கா திறந்தார்கள். 150 டன் பழைய இரும்பில் தாஜ்மகால், ஈஃபில் கோபுரம் உட்பட உலக அதிசயங்கள் ஏழு. கழிவிலிருந்து அதிசயம் என்று பெயர். கூட்டம் அலைமோதுகிறது, குழந்தைகள் சந்தோஷப்படுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அங்கே சைக்கிள் ரிம்மும் வாகன உதிரிபாகமும் செய்யும் வேலை, தாங்கள் வேறு ஏதோ என்று பாவனை செய்வது. தூரத்திலிருந்து பார்த்தால் ரிம் மறைந்து தாஜ்மகால் தெரிய வேண்டும். கிட்டே போனால் 'அட, ரிம்!' என்று ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியம் தீர்ந்ததும் காரியம் முடிந்தது. மிச்சம் எங்கே என்று கேட்க அங்கே ஒரு துவாரம்கூட இல்லை. கழிவைக் கலையாக்கிவிட்டோம் என்ற திருப்தி, கழிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைச் சமாதியாக்கிவிடுகிறது.

எல் அனாட்ஸுயியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அவர் செய்வதும் தூரம்-கிட்டம் வித்தைதான். கானாவில் 1944இல் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவில் ந்ஸுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். 1990களின் பிற்பகுதியில் யாரோ வீசிப்போன மூட்டை ஒன்று அகப்பட்டது. உள்ளே சாராய பாட்டில்களின் அலுமினிய மூடிகள். பல மாதம் அதை அப்படியே வைத்திருந்தார். பிறகு மூடிகளைத் தட்டி, மடித்து, துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். ஆயிரக்கணக்கில் சேரும்போது அது சுவரை மறைக்கும் பெரிய ஆடையாகிறது. பொன்னும் சிவப்பும் கறுப்புமாக, அவர் நாட்டுக் கென்டே நெசவை நினைவூட்டியபடி. 2007இல் வெனிஸில் ஒரு பழைய மாளிகையின் முகப்பையே போர்த்தினார். 2015இல் அங்கேயே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கிடைத்தது. 2023இல் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடம்.

கிட்டே போனால் மூடிகளில் சாராயக் கம்பெனிகளின் பெயர்கள் தெரிகின்றன. இங்கேதான் வித்தியாசம் தொடங்குகிறது. மது, ஐரோப்பிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்கு. அடிமை வியாபாரத்தின் சங்கிலியில் அது ஒரு கண்ணி. ஆகவே மூடி, ஆடையாக மாறியபின் தன் பழைய வேலையை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒளித்தால் ஆடைக்குத்தான் நஷ்டம். பாட்டில் எங்கே, குடித்தவன் எங்கே, கப்பலில் ஏற்றப்பட்டவன் எங்கே என்று ஒவ்வொரு மூடியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று: இந்த ஆடைகளுக்கு நிலையான வடிவம் கிடையாது. தொங்கவிடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் வேறு மடிப்புகளோடு தொங்கவிடலாம். முடிந்துபோன பொருளாக அவை தங்களை ஒப்புக்கொடுப்பதில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. முதல் மூட்டை கண்டெடுத்தது. பிறகு வந்தவை விலைக்கு வாங்கியவை. பிணைத்துக் கட்டுவது உதவியாளர்கள் பலரின் கைகள். இதில் தவறு இல்லை. சிற்பியின் பட்டறை எக்காலத்திலும் அப்படித்தான். 'கண்டெடுத்த' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் தனி மனித, தற்செயல் வாசனையைத்தான் நாம் இனிமேல் விட்டுவிட வேண்டும். தான் செய்வது மறுசுழற்சி இல்லை என்று அனாட்ஸுயியே சொல்லியிருக்கிறார். அவரைப் புகழ்கிறவர்கள்தான் அதைக் கேட்பதாக இல்லை.

6

கண்டெடுப்பது யார் என்ற கேள்வியை இந்தியாவில் நேராக எதிர்கொண்டவர் விவான் சுந்தரம். 1943இல் சிம்லாவில் பிறந்து 2023 மார்ச்சில் டில்லியில் காலமானார். ஐரோப்பியக் கலைஞன் தெருவில் குனிந்து ஒரு டிக்கெட்டைப் பொறுக்கும்போது அவனுக்குப் போட்டி இல்லை. நம் ஊர்களில் கலைஞன் குனிவதற்கு முன்பே, விடியற்காலையிலேயே, ஒருவன் தோளில் கோணியோடு குனிந்துவிட்டுப் போயிருக்கிறான். காகிதத்துக்கு ஒரு விலை, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை. நம்மிடம் அநாதைப் பொருள் என்று எதுவும் இல்லை. எல்லாம் யாரோ ஒருவரின் அன்றையச் சாப்பாடு.

'ட்ராஷ்' வரிசைக்காக (2008) சுந்தரம் டில்லியில் குப்பை பொறுக்குகிறவர்களோடு சேர்ந்து, தன் ஸ்டூடியோவில் குப்பையால் ஒரு நகரத்தையே தரையில் நிர்மாணித்தார். அதை மேலிருந்து படம்பிடித்துப் பெரிய அச்சுகளாக்கினார். நேர்மையான முயற்சி. ஆனால் பளபளக்கும் அந்த அச்சுகளில் குப்பையின் கனமும் நாற்றமும் போய், வானத்திலிருந்து பார்க்கும் கம்பீரம் வந்துவிட்டது. கழுகுப் பார்வைக்கு எல்லா நகரமும் அழகுதான். அதற்கு முன் செய்த '12 பெட் வார்டு' (2005) எனக்கு அதைவிடப் பெரிய படைப்பு. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், ஆஸ்பத்திரி வரிசையில். மெத்தைக்குப் பதில் தேய்ந்த செருப்புகளின் அடித்தோல்களைக் கயிற்றால் கட்டிப் பரப்பியிருக்கிறது. மேலே பல்ப் எரிகிறது, நிழல் தரையில் விழுகிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு தோலிலும் ஒரு குதிகாலின் பள்ளம். நடந்தவர்கள் இல்லை. படுக்கவும் யாரும் இல்லை. மிச்சம் எங்கே என்று நான் கேட்க வேண்டிய அவசியமே அங்கே ஏற்படவில்லை. அந்தக் கட்டில்களே என்னைக் கேட்டன.

ஆனால் எனக்கு நெருக்கமானது, என் குற்ற உணர்ச்சியைச் சீண்டுவது, 'மெமோரியல்'. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் தெருவில் செத்துக் கிடந்த ஒரு மனிதனை ஹோஷி ஜால் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. சுந்தரம் அந்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வேலை செய்தார். அதன்மேல் ஆணிகளைப் பரப்பினார், மறைத்தார், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார், தகர டிரங்குப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயில் கட்டினார். முகம் தெரியாத ஒருவனுக்கு நடக்காத சாவுச் சடங்கு நடப்பது போல.

நானும் அந்நியரின் படம் ஒன்றை எடுத்து வேலை செய்தவன்தான். வித்தியாசம் என்ன? திறமை மட்டுமல்ல. நான் முகத்தை வெட்டியெடுத்து, எனக்குப் பிடித்த ஒரு மர்மத்தைக் கொடுத்து, மிச்சத்தை எறிந்தேன். அவள் யார் என்று தெரியாததுதான் எனக்கு வசதியாக இருந்தது; அதையே நான் கவித்துவம் என்று நினைத்துக்கொண்டேன். சுந்தரம் படத்தை விடவில்லை. அந்த மனிதன் யார் என்று தெரியாதது அவருக்கு வசதியாக இல்லை, காயமாக இருந்தது. ஆணிகள் அந்தக் காயத்தைச் சுற்றி நிற்கின்றன. ஒன்று அறியாமையை அலங்காரமாக்குகிறது, மற்றது அறியாமையைப் பொறுப்பாக்குகிறது. கொலாஜில் நல்லதற்கும் கெட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

2012 கொச்சி பினாலேயில் அவர் வேறொன்று செய்தார். சங்கப் பாட்டுகளில் வரும் முசிறி என்று பலர் கருதும் பட்டணத்தில் அகழ்வாராய்ச்சி நடந்தது. அங்கே ஆராய்ச்சிக்குப் பிரயோஜனமில்லை என்று ஒதுக்கிய பானையோடுகளை அடுக்கி ஒரு நகரம் செய்தார். மிளகு மிதக்கும் தண்ணீர் அதன்மேல் பாய்வதைப் படமெடுத்தார். அங்கே என் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. எல்லாமே மிச்சம், முழுசுதான் காணவில்லை. 'மிச்சம் எங்கே' என்று கேட்க வக்கில்லாத நாள் எல்லா நகரத்துக்கும் ஒருநாள் வரும் போலும்.

7

ஓவியத்தைப் பற்றி எழுத்தாளர்கள் படிக்கும் பத்திரிகையில் இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் கத்தரிக்கோல்காரர்கள்தான். டீக்கடைப் பேச்சிலிருந்து ஒரு வரி, பக்கத்து வீட்டுச் சாவிலிருந்து ஒரு சம்பவம், பத்திரிகைச் செய்தியிலிருந்து ஒரு பிணம் என்று எடுத்து வந்து கவிதையில் ஒட்டுகிறோம். ஒட்டியது பளிச்சென்று இருக்கிறது. நண்பர்கள் பாராட்டுகிறார்கள். யார் பேச்சு, யார் சாவு என்பது வெட்டில் போய்விடுகிறது. எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்காமல் எழுத்து இல்லை. சொற்களே பிறர் உபயோகித்துத் தேய்த்தவைதான். ஆனால் வெட்டிய இடம் தெரிய வேண்டும். ஒட்டு மறைந்து வழவழவென்று ஆகிவிட்ட கவிதையை நான் சந்தேகிக்கிறேன்.

அந்த நான்காவது இதழில் இன்னும் பதினோரு பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. அட்டையைப் பார்க்கும் இளைஞர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். அச்சில் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிகிறது. ஹாஃப்டோன் புள்ளிகள் பஞ்சாங்கத்தையும் முகத்தையும் ஒன்றாக்கிவிட்டன. உற்றுப் பார்த்தால் காதுக்குக் கீழே, கத்தரி வளைந்த இடத்தில், பின்னால் நின்ற யாருடைய தோளோ ஒரு நூலளவு தெரிகிறது. அதைத் தவிர அட்டையில் நன்றாயிருப்பது எதுவும் இல்லை.